மூன்றாம் ஆள் சாட்சி

பதினேழு வருடமாக நான்
ஜன்னலுக்கு இந்தப் பக்கம்.

எல்க்ஹார்ன் ஆறு வடிந்த பத்தாம் நாள்
டெல்மர் கொவாரிக் வந்தார்.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக்
காலுறையோடு நின்றார்,
எங்கள் தரையிலும் சேறுதான் என்பது
கண்ணில் படாமல்.

எத்தனை கன்று?
நாற்பத்து மூன்று.
எடை?
ஈன்று ஒரு வாரம் ஆகாததுகள், ஜனெல்.
'இருநூற்றைம்பது பவுண்டுக்குக் கீழ்' என்ற கட்டத்தில்
குறி போட்டேன்.
உடல்கள்?

கிழக்கே பார்த்தார்.
அந்தச் சுவரில்
விதைக் கம்பெனி நாட்காட்டி மட்டும் இருந்தது.

வெறும் தண்ணீர் என்றால் சிலது நீந்தியிருக்கும், என்றார்.
வந்தது பனிக்கட்டி.
ஒவ்வொன்றும் கொட்டகைக் கதவு அகலம்.
சத்தம் கேட்டு லாந்தரோடு போனேன்,
கொட்டகை இல்லை.

படிவம் கேட்கிறது:
புகைப்படம், அல்லது கால்நடை மருத்துவர் சான்று,
அல்லது செத்த மாடு ஏற்றும் லாரிக்காரரின் ரசீது.
எதுவும் இல்லையென்றால்
உறவில்லாத, பண்ணையில் பங்கில்லாத
மூன்றாம் ஆள் ஒருவரின் கையெழுத்து.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறே வந்து அள்ளிக்கொண்டு போனதை
எந்தப் படியால் அளப்பது?
இதை அவரிடம் கேட்கவில்லை.
பேனாவை நீட்டினேன்.

சட்டைப்பை நோட்டு ஒன்று வைத்திருந்தார்,
ஈரத்தில் ஊதி, பிஸ்கட் போல.
தாய் எண், தேதி, காளையா கிடாரியா.
211, கிடாரி, எழுந்ததும் பால் குடித்தது.
87, இரட்டை. ஒன்று குளிரில் விறைத்தது,
சமையலறையில் வைத்தோம்.

அந்தச் சமையலறைக் கன்று?
முந்தின நாள்தான் தாயிடம் விட்டோம், என்றார்.
வெயில் வந்ததே என்று.

நோட்டு பிறப்புக்குத்தான் சாட்சி.
நான் அப்படிச் சொன்னேன். அந்த வார்த்தைகளிலேயே.

வெள்ளிக்கிழமை, மூடுகிற நேரம்,
ஆர்லின் ப்ராயர் வந்தார்.
கொவாரிக்குக்கு நாலு மைல் கீழ்நிலம்.
ஒரு வடிகால் வாய்க்காலுக்காக
இருவரும் கோர்ட்டுக்குப் போய்ப்
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
தேவாலயத்தில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும்போது
ஒருவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார்.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார்.
உள்ளே காதுவில்லைகள்,
மஞ்சள், கழுவித் துடைத்தவை.
இருபத்தொன்பது.

என் சோளத்தட்டைக்குள் கிடந்தன.
குழி வெட்டினேன்.
படம் எடுக்கத் தோன்றவில்லை.

மீதி பதினாலு?

அவன் நாற்பத்து மூன்று என்றால் நாற்பத்து மூன்று.
அவன் கஞ்சன். பொய்யன் இல்லை.

அதை எழுதக் கட்டம் இல்லை, ஆர்லின்.
இருபத்தொன்பது என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:
என் பேர் அவனுக்குத் தெரியவருமா?
நகல் போகும், என்றேன்.
தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
உள்பக்கம் ஏதோ எழுதியிருந்தது போல.

காசோலை ஆகஸ்டில் வந்தது.
இருபத்தொன்பது கன்றின் விலையில்
முக்கால் பங்கு.
'டெல்மர் கொவாரிக் மற்றும் மாவட்ட வங்கி' என்று அச்சு.
அந்த 'மற்றும்' என்ற சொல்லை
எத்தனையோ காசோலையில் பார்த்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் வாசித்தேன்.

வில்லைகளை வைக்க எங்களிடம் கோப்பு கிடையாது.
டெல்மருக்குப் போன் போட்டேன், எடுத்துப் போங்கள் என்று.
வெகுநேரம் பேச்சில்லை,
பின்னால் ஒரு மாடு கத்தியது.

டப்பா ஆர்லினுடையதா?
ஆமாம்.
அப்போ வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க முடியாதே,
என்றார். வைத்துவிட்டார்.

அக்டோபர் ஆகிவிட்டது. வரவில்லை.
கீழ் இழுப்பறையில் இருக்கிறது.
ஸ்டேப்ளர் பின் எடுக்கத் திறக்கும்போதெல்லாம்
கலகலவென்று ஒரு பக்கமாகச் சரிகிறது.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்
என்ன அது என்று கேட்பார்.
அடுத்த படிவம், என்பேன்.